விசிறி நின்ற பிறகு

இரவு பதினொன்றரை.
ஷஹீன் விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறான்.
சுங்காய்ச் செம்பனைக் காட்டுப் பூச்சிகள்
கொட்டகைக்குள் வந்து இரைகின்றன.
கொஞ்ச நேரத்தில் அதுவும் காதுக்குப் பழகிவிடும்.
அப்புறம்தான் கேட்கலாம்
பன்னிரண்டாயிரம் தொண்டைகளை.

முதலில் நான்காம் கொட்டகை.
நிமிடத்துக்கு ஆறு இருமல்.
அதில் ஒன்று என்னுடையதாக இருக்கலாம்,
உமித் தூசி எனக்கும் ஆகாது.

பிறகு மூன்றாவது.
ஈரச் சுள்ளி அடுப்பில் வெடிப்பதுபோல்
அங்கே, இங்கே, காலடியில், கோடியில்.
விரல் மடக்கி எண்ணி எழுதுகிறேன்:
நாற்பத்தொன்று.

போன வருஷம் எல்லாக் கொட்டகையும் இருமியது.
மருந்தை முறையாகத்தான் போட்டோம்.
ஐஸ் பெட்டி, குளோரின் சேராத தண்ணீர்,
கண்ணில் ஒரு சொட்டு,
குஞ்சு இமைக்கும்வரை கையை விடாமல்.
நூற்றுக்கு ஒன்றின் அலகைத் திறந்து பார்த்தேன்,
சாயம் இறங்கியிருந்தது,
எல்லா நாக்கும் நீலம்.
மூன்றாம் வாரம் மூச்சு இழுக்கத் தொடங்கியது.
தவுக்கே ஆ கியோங் ஒன்றும் கேட்கவில்லை,
என் கையை மட்டும் பார்த்தார்.

டாக்டர் நோராஷிகின்தான்
பஞ்சுக் குச்சியால் தொண்டைகளைத் துடைத்து
ஈப்போவுக்கு அனுப்பினார்.
பதில் வரப் பத்தொன்பது நாள்.
கிருமி சட்டை மாற்றிக்கொண்டதாம்.
குஞ்சுகளுக்கு நாங்கள் காட்டி வைத்தது
பழைய அடையாளக் கார்டில் இருந்த முகம்.
காவலுக்கு நின்ற ரத்தம்
புது முகத்தை யாரோ என்று விட்டுவிட்டது.

என் கை சரியாகத்தான் இருந்தது.
இதைத் தவுக்கேயிடம் சொல்ல
மலாயில் ஒரு வாக்கியம் தேடினேன்.
வாய்க்கவில்லை.
தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

இந்தத் தடவை இரண்டு குப்பி.
நான்காம் கொட்டகைக்குப் பழையதோடு புதியது.
மூன்றுக்குப் பழையது மட்டும்.
"ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேணும், மலர்."
வேணும்தான்.
தராசின் மறுதட்டில் வைக்கிற கல்
இப்படி இருமும் என்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
வந்து இறங்கிய பெட்டிகளில்
3 என்றும் 4 என்றும் எழுதியது நான்தான்.
அன்றைக்குப் பேனாவில் மை வரவில்லை,
உதறி உதறி எழுதினேன்.

முப்பத்தைந்தாம் நாள் லோரி வரும்.
நன்றாக மூச்சுவிட்டதும் ஏறும், திணறியதும் ஏறும்.
தவுக்கேக்கு எடை தெரிந்தால் போதும்.
வெள்ளிக்கிழமை இரவுச்சந்தையில்
வறுத்த தொடை நானும் வாங்குவேன், காரம் தூக்கலாக.
எந்தக் கொட்டகை என்று யாரும் கேட்பதில்லை.

"காக், விசிறி போடவா?"
சூடு ஏறுகிறது, பொறுக்காது.
தலையாட்டுகிறேன்.

நான்காம் கொட்டகையை
இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போக ஆசை.
மூன்றில் மிதித்த பூட்ஸ்.
சுகத்திலிருந்து சீக்குக்குப் போகலாம்,
சீக்கிலிருந்து சுகத்துக்குப் போகக்கூடாது,
சட்டம் கதவில் ஒட்டியிருக்கிறது,
ஒட்டியதும் நான்.

மருந்துத் தண்ணீர்த் தட்டில்
கால்களை வைத்து நிற்கிறேன்.
இறக்கைகள் சுழலத் தொடங்கிவிட்டன.
இனி இரண்டு கொட்டகைக்கும்
ஒரே சத்தம்.