எர்ணாவூர், பள்ளி மொட்டைமாடி

மாநகராட்சிப் பள்ளியின் தலையில்
இருபத்திரண்டு சோலார் தகடுகள்.
திறப்பு விழாவில் வெட்டிய ரிப்பன்
தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டிக் கிடக்கிறது,
ஒழுகாமலிருக்க.

துடைக்க ஆள் போட
அரசாணையில் இடமில்லை.
சத்துணவுக்கூடத்துச் சகாயமேரி
அரிசி உலையில் ஏறியதும்
வாளியோடும் புடவைக் கிழிசலோடும்
படியேறி வருகிறாள்.
வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கி
ராத்திரி முழுக்க அனுப்பிய சாம்பல்,
பூனை நடந்த தடத்தோடு.

"அங்கயும் கரண்டு, இங்கயும் கரண்டு,
நடுவுல என் இடுப்பு சார்."

கீழே ஆறாம் வகுப்பில்
ஒரு மின்விசிறி
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுற்றுகிறது.

மாதாந்திரப் படிவத்தில்
உற்பத்தி ஏன் குறைந்தது என்ற கட்டத்துக்குள்
மேகமூட்டம் என்று எழுதினேன்,
சித்திரை வெயிலில்
கண்ணைச் சுருக்கிக்கொண்டு.