நாலுக்கு ஆறு

ஏழாவது வரைபடத்தைத் தரையில் விரித்து
மூலைக்கொரு சங்கு வைத்தார் அமீர் நெய்னா.
அப்படியும் படபடத்தது தாள்.
கீழக்கரையில் கச்சான் அடிக்கிற மாதம்.

நீராவி அறை வேண்டும் என்றார்.
சும்மா வெளியே நின்றாலே கிடைப்பதுதானே என்று
நான் சொல்லவில்லை.
கூலி வாங்குகிறவள்.
மூச்சுப் பயிற்சிக்குச் சத்தம் புகாத அறை,
கடலுக்கு எதிரே கடலைப் போலவே
விளிம்பில்லாத ஒரு நீச்சல்குளம்.
துபாயில் பார்த்தாராம், முப்பத்தோராவது மாடியில்.
"இருக்கிறவங்க உடம்பு நல்லாயிருக்கணும்,
வந்தவங்க வயிறு நிறையணும்.
வீட்டுக்கு வேறென்ன வேலை?"

மண்ணைத் தோண்டினோம். பத்தடியில் உப்பு.
கம்பிக்கு எபாக்சி பூசாவிட்டால்
பேரப்பிள்ளை பிறக்கும் முன் கூரை இருமும் என்றேன்.
குளத்துக்குத் தண்ணீர் லாரியில் வரும்.
எங்கிருந்து என்றதற்கு
"திருப்புல்லாணிப் பக்கம்" என்றார் ஓட்டுநர்.
பக்கம் என்பது எவ்வளவு தூரம்
என்று அவரும் சொல்லவில்லை.
ஓதம் ஏறும் கோட்டிலிருந்து அளந்து
வீட்டைப் பின்னுக்கு நகர்த்தினேன்.
அவர் கனவிலிருந்து எழுபது மீட்டர் தள்ளிப் போனது குளம்.
ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை.

விருந்துக்கூடம்தான் நடு.
நாற்பது பேருக்கு மேசையா,
பத்து சஹனுக்கு வெறுந்தரையா?
இரண்டு மாதம் வாட்ஸப்பில் வழக்கு.
அபுதாபித் தம்பி மேசைக்கு,
கொழும்பு மச்சான் தரைக்கு.
மேசையை மடித்துச் சுவருக்குள் தள்ளிவிடலாம் என்றேன்.
இருவருமே தாம் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.
என் தொழில் அவ்வளவுதான்.

இத்தனையிலும் வாய் திறக்காதவர்
ஷரிபா நாச்சியா.
அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு.
பத்திரத்தில் இருப்பது அவர் பெயர்தான்.

ஒரு மத்தியானம் தனியாக வந்தார்,
சுண்ணாம்புக் கோட்டில் கால் படாமல்.
"அடுப்பிலேர்ந்து கூடம் எத்தனை எட்டு?"
இருபத்தாறு என்றேன்.
"இப்ப இருக்கிற வீட்ல நாப்பத்தொண்ணு.
நோன்பு மாசத்துல ஒரு நாளைக்கு..."
கணக்கை அவர் முடிக்கவில்லை.
"நெய்ச்சோறு போயிரும். தாளிச்சா போயிரும்.
கூடத்துல சிரிப்புச் சத்தம் தொடங்கும்.
அப்ப நான் எங்கே போறது?"

உடற்பயிற்சி அறை இருக்கே என்றேன்.

"அதுக்குக் கண்ணாடிக் கதவு."

அன்றிரவு
சாமான் அறைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே
நாலடிக்கு ஆறடி களவெடுத்தேன்.
முழங்கால் உயரத்தில் ஒரு திண்டு.
உட்கார்ந்த கண்ணுக்கு நேராக ஒரு ஜன்னல்,
அதில் கடல் ஒரு விரல் அகலம், போதும்.
கதவு, பார்க்கிறவர்க்கு அலமாரி.
எல்லா அறைக்கும் பெயர் எழுத வேண்டும்.
டக்ட் என்று எழுதினேன்.

எட்டாவது வரைபடத்தில்
அமீர் நெய்னாவின் விரல் அங்கேதான் வந்து நின்றது.
"இது எதுக்கு?"
"காத்துப் போக."
"இவ்வளவு பெருசாவா?"
"கடக்கரைக் காத்தாச்சே."
கையெழுத்துப் போட்டார்.

குடிபுகுந்த அன்று முந்நூறு பேர்.
குளத்துக்குள் நீல விளக்கு;
காற்று குடித்தது போக
தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருந்தது.
நீராவி அறையில்
வந்தவர்களின் செருப்பை அடுக்கியிருந்தார்கள்.
மேசை வெளியே வந்தது, உள்ளே போனது,
பிள்ளைகள் அதையே விளையாட்டாக்கினார்கள்.
"நாச்சியா எங்கே, நாச்சியா எங்கே"
என்று ஒரு மாமி கூடத்துக்கும் அடுப்புக்குமாக
இருபத்தாறு எட்டை நான்கு முறை நடந்தார்.

அமீர் நெய்னா என் பக்கத்தில் வந்து நின்றார்.
கூட்டத்தைப் பார்த்தபடி,
குரலைத் தாழ்த்தி,
"டக்ட்ல காத்து நல்லா வருதாம்மா?"

அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.
என் பல்லில் தொதல் ஒட்டியிருந்தது.
தலையை மட்டும் ஆட்டினேன்.