இறுதி அறிக்கைக்கு முந்திய இரவு

வந்த மூன்றாம் நாள்
சான் தெனியில் ஒரு விருந்து மண்டபம்.
இரண்டு கொடிகளுக்கு நடுவே நிறுத்திப் படம் பிடித்தார்கள்.
"நீங்கள்தான் பாலங்கள்" என்றார் தூதரக அதிகாரி.
சுண்டுவிரல் நீளச் சமூசாவைக்
கடிப்பதா, கைதட்டுவதா என்று தெரியாமல்
பதினோரு பாலங்கள் வரிசையில் நின்றோம்.

சேலத்துக்காரி நான்.
வெள்ளைக்கல் தோண்டும் மலையடியில் வளர்ந்து
கறுப்புக்கல் படிக்க ரியூனியன் வந்தவள்.
ஆய்வகத்தில் அடுத்த மேசை எஷாத்தி பக்கார்,
கொமோரோ தீவு.
அவளை வரவேற்க யாரும் கொடி தூக்கவில்லை,
தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு
பேருந்தில் வந்தாளாம்.
அவள் ஊரிலும் ஒரு மலை புகைகிறது. கர்த்தாலா.
அதன் பேச்சை எடுத்தால்
பக்கத்து வீட்டுக் கோபக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலக்
குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

கல்லை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி,
வெளிச்சம் புகும்வரை தேய்க்க வேண்டும்.
என் முதல் நான்கு சில்லுகளும் பொடியாயின.
ஐந்தாவதில் என் கட்டைவிரல்மேல்
தன் விரலை வைத்து
அழுத்தம் எவ்வளவென்று காட்டினாள்.
அவ்வளவுதான் எங்கள் உடன்படிக்கை.
என் பிரெஞ்சு நொண்டும்.
அவளுக்கு வந்த தமிழ் ஒரே சொல்,
சோறு வைக்கையில் நான் சொல்வது.
சில்லு பதத்துக்கு வந்ததும்
தலை நிமிராமல் சொல்வாள்:
"போதும்."

மார்ச்சில் எந்தத் துறைமுகத்திலோ
எந்தப் படகையோ திருப்பி அனுப்பினார்கள்.
அரசுக்கும் அரசுக்கும் வாய்த்தகராறு,
பாத்திரம் உடைந்தது எங்கள் சமையலறையில்.
எஷாத்தியின் விசாவை நீட்டிக்கவில்லை.
என்னுடையது, நான் கேட்காமலே, நீண்டது.
எங்கள் இரு நாடுகளும் அந்த வாரம் நண்பர்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள்
கடற்கரைச் சாலையில் போய்
கிராந்த் ஷாலூப்பில் இறங்கினோம்.
கப்பலில் வந்த கூலிகளை
நோயில்லை என்று தெரியும்வரை அடைத்துவைத்த கட்டடம்
அன்று பூட்டிக் கிடந்தது.
(அவர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, இல்லை,
கைநாட்டு வைத்து வந்தவர்கள்தான்.
பாலம் என்று அவர்களை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.)
எதிரே, கடலோரத்தில்,
இந்தப் பக்கமும் தொடாமல் அந்தப் பக்கமும் தொடாமல்
புதுச் சாலையின் பாலத்துண்டு ஒன்று.
"கல் போதவில்லையாம்" என்றாள்,
முழுக்க முழுக்கக் கல்லாலான தீவில் நின்றுகொண்டு.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
பிறகு நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்று இறுதி அறிக்கை.
கேள்வி ஒன்பது:
இத்திட்டத்தால் உங்களுக்கு உண்டான நட்பு எந்த நாட்டுடன்?
தொட்டால் விரியும் பட்டியலில் இரண்டே பெயர்கள்.
ஒன்றைத் தொடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
ஒரு மணி நேரமாகத் திறக்கவில்லை.

நாளை மேடையில் எனக்கு மூன்று நிமிடம்.
எழுதியே அனுப்பிவிட்டார்கள்,
அதில் நான்கு இடத்தில் பாலம்.

அவள் விட்டுப்போன சில்லு மேசையில் இருக்கிறது.
கர்த்தாலாக் கல், பாதி வேலையில் நின்றது.
விளக்கில் பிடித்தால்
ஓரத்தில் மட்டும் தேன்நிறக் கசிவு,
நடுவில் இருட்டு.

தண்ணீர் தெளித்துத் தேய்க்கிறேன்.
எங்கே நிறுத்துவதென்று
சொல்ல ஆளில்லை.