டிசம்பர் அறிவிப்பு

டாக்டர் ரைவோ சொல்லிவிட்டார்:
ஒரே பக்கம், பெரிய எழுத்து,
கவிதை வேண்டாம், லேலோ.

சரி.

முதல் செய்தி.
எக்ஸ்ரே இயந்திரம் வந்துவிட்டது,
இரண்டு படகுகளைத் தவறவிட்டு
மூன்றாவதில்,
உருளைக்கிழங்கு லாரிக்குப் பின்னால்.
உங்கள் நாய் விழுங்கிய நாணயத்தைப் பார்க்க
இனி யாரும் கடல் தாண்ட வேண்டியதில்லை.
நாணயம் மட்டும் உங்களுக்கே.

வியாழன் மாலைகளில் மருத்துவமனை மூடியிருக்கும்.
காரணம்: தேவாலயப் பாடகர் குழுவில்
கட்டைக்குரலுக்கு ஆளில்லை,
டாக்டர் போகிறார்.
இந்தக் காரணத்தை அவரே அடித்துவிட்டார்.

மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது.
உங்கள் கோட்டில் தொங்கும் ஒளிர்வில்லை போல
ஒன்று நாயின் கழுத்திலும் தொங்கட்டும்.
கறுப்பு நாய் என்றால் இரண்டு.

சாலையில் உப்பு தூவுகிறார்கள்.
வீடு திரும்பியதும் பாதங்களை
வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள்,
விரலிடுக்கையும் விடாமல்.
"என் பாதத்தை யார் கழுவுவது?" என்று
எண்டெல் ஆண்டுதோறும் கேட்பார்,
ஹெல்வே அவர் முழங்கையில் இடிப்பாள்.
இந்த முறையும் கேட்டார்.
கேட்டுவிட்டுத் தன் இடப்பக்கம் திரும்பினார்.
அங்கே எங்கள் எடைக் கருவி இருந்தது.

பண்டிகைத் தொத்திறைச்சியில் வெங்காயம் உண்டு,
நாய்க்கு ஆகாது.
சாக்லேட்டும் ஆகாது.
அது கெஞ்சும். கெஞ்சட்டும்.

புத்தாண்டு இரவில் வாணம் வெடிக்கும் முன்பே
திரையை இழுத்துவிடுங்கள், வானொலியைத் திறந்துவையுங்கள்.
போன முறை ஓடிய பொன்டு
துறைமுகத்தில் கிடைத்தது,
டிக்கெட் இல்லாமல் வரிசையில் நின்றபடி.

கார் உறையாமலிருக்க ஊற்றும் பச்சைத் திரவம்
இனிக்கும்.
ஒரு ஸ்பூன் போதும், பூனையின் கதை முடிந்துவிடும்.
சிந்தியதைத் துடையுங்கள்.
"இனிப்பது எல்லாமே" என்று தொடங்கியிருந்தேன்,
டாக்டரின் சிவப்புப் பேனா
அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்தது, எஞ்சின்.
பூனைகள் சூட்டைத் தேடி உள்ளே நுழைந்துவிடும்.
வண்டியைக் கிளப்பும் முன்
பானெட்டை மூன்று முறை தட்டுங்கள்.

இந்த வரியில் என் கை நின்றது.

நவம்பரின் முதல் உறைபனிக் காலை.
அஞ்சல்காரி சிர்யே
கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள்,
கையில் தபால் பை,
பைக்குள் யாருடையதும் அல்லாத
ஒரு சாம்பல் பூனை,
வாலிருந்த இடத்தில் ரத்தம்.
"இதையெல்லாம் எழுதிப் போட்டிருக்கலாமே!" என்று
என்னைப் பார்த்துக் கத்தினாள்.

எழுதியிருந்தேன்.
போன டிசம்பரில், நான்காவது வரியில்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பிரதிகள்.
தீவின் இந்தப் பாதி முழுக்க, ஒவ்வொரு பெட்டியிலும்
போட்டது அவள்தான்.

சொல்லவில்லை.
பூனையின் தலையைப் பிடித்துக்கொண்டேன்.
டாக்டர் ஊசியில் நூல் கோக்கும்போது
தன்னையறியாமல்
கட்டைக்குரலில் முனகினார்.
சிர்யே சுவரைப் பார்த்து நின்றாள்.
சுவரில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது.
அவள் உதடுகள் அசைந்தன,
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
பிறகு ஒன்றும் பேசாமல்
மீதித் தபால்களைக் கொடுக்கப் போனாள்.

ஊதுகிற சங்கை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.
எவர் காதில் எப்போது விழுமென்று
யாருக்குத் தெரியும்?

இப்போது காலை ஆறு மணிக்கு
இருட்டில் படுத்தபடி கேட்கிறேன்:
தட், தட், தட்.
அஞ்சல் வண்டி.
சற்றுப் பொறுத்து, பேக்கரியின் வேன்.
பிறகு, இருபது ஆண்டுகளாகப் பூனையே ஏறாத
எண்டெலின் டிராக்டர்.
யாரோ உள்ளே இருக்கலாம் என்று
ஒரு தெரு முழுக்கத் தட்டிப் பார்க்கிறது.

அறிவிப்பு தயார்.
ஒரே பக்கம், பெரிய எழுத்து.
அச்சு இயந்திரத்தின் மேல்தான்
வாலில்லாத அந்தச் சாம்பல் நிறம்
இரவெல்லாம் தூங்குகிறது.
மூன்று முறை தட்டினேன்.
ஒரு கண் திறந்தது,
பிறகு மூடிக்கொண்டது.

டாக்டர், அறிவிப்பு
நாளைதான்.