மைக்கில் என் பெயர்

திருவண்ணாமலை லாட்ஜில் இடமில்லை.
மொட்டை மாடியில் பாய்க்கு ஐந்து ரூபாய், போர்வை தனி.
கார்த்திகைக் குளிருக்குக் காஞ்சனா
என் பச்சை மஃப்ளரைப் பிடுங்கிக்கொண்டாள்.

தேரடித் தெருப் பொரிக்கடை வரை
கை கோத்திருந்தோம். பிறகு
என் கையில் வேறு யாரோ ஒருவரின் பை.

ஐந்தே முக்கால்.
ஊரே அண்ணாந்து மலையைப் பார்க்க
நான் தலைகளைப் பார்த்தேன்:
கனகாம்பரம், கனகாம்பரம், மொட்டை,
பச்சை மஃப்ளர்... இல்லை, துண்டு.

போலீஸ் மைக் கரகரத்தது:
"ஆரணி பேபி, வயது நாலு, சிவப்பு கவுன்.
குடியாத்தம் தணிகாசலம், வயது முப்பத்தொன்று,
கண்ணாடி போட்டிருப்பார்,
கொஞ்சம் பயந்த சுபாவம்."

பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.
நானும் சிரித்துவைத்தேன்,
யாரோ ஒரு தணிகாசலத்தை நினைத்து.

மைக்கைத் தேடி ஓடும்போதுதான் எழுந்தது அரோகரா.
என் முதுகுக்குப் பின்னால் ஏற்றினார்கள்.

பந்தலில் அழும் பிள்ளைகளுக்கு நடுவே
அவள் பன் தின்றுகொண்டிருந்தாள்.
"தீபம் பாத்தீங்களா?"
"பாத்தேன்."
"எந்தப் பக்கம் சாஞ்சது?"

மறுநாள் ராத்திரி, போளூர் தாண்டியும்
பஸ்ஸின் பின்கண்ணாடியில் கடுகளவு வெளிச்சம்.
தோளில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்,
மஃப்ளர் முழுக்க நெய்ப்புகை.
கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்,
எந்தப் பக்கம் சாய்கிறதென்று.