ஆடு நனையும் மலை

கரீஃப் மாதங்களில் சலாலா மலைகளில்
ஆடு உண்மையாகவே நனைகிறது.
ஓநாய் அழுகிறதா என்று பார்த்துச் சொல்ல
எனக்கு மாதச் சம்பளம்.

பாறை விளிம்பில், ஒட்டகத் தடத்தில்
மயிரும் எலும்புத் துணுக்கும் முறுக்கிய விட்டையைத்
தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.
காய்ந்தது உதவாது. ஈ மொய்த்தால் உத்தமம்.
மேல்தோலைக் குச்சியால் சுரண்டி
சாராயக் குப்பியில் இட்டு மூட வேண்டும்.
அந்தச் சாராயத்துக்கு மூன்று முத்திரை, இரண்டு கையெழுத்து,
மில்லி மில்லியாய்ப் பதிவேட்டில் கணக்கு.
போன வருடம் நாற்பது மில்லி குறைந்தது.
ஆவியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன்.
ஆவியானதுதான்.

இரண்டு குளிர்காலம், ஒரு கரீஃப்,
அறுபத்து மூன்று குப்பிகள்.
வண்டியோட்டும் குல் ஹசன்
குப்பிக்கு ஓர் ஓநாய் என்று எண்ணிக்கொண்டான்.
மலை நிறைய ஓநாய் என்று
மனைவிக்குப் போனில் சொன்னான்.
நான் மறுக்கவில்லை.
எனக்கும் அப்படி நினைக்கப் பிடித்திருந்தது.

பிறகு இயந்திரம் படித்தது.
நான்காம் குப்பியும் பதினொன்றும் இருபதும்
ஒரே விலங்கு.
முப்பதும் அதுவே.
பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வரும் சம்பளம் போல
அறுபத்து மூன்று சுருங்கிச் சுருங்கி
ஒன்பதில் நின்றது.

ஒன்பதில் இரண்டுக்குள் நாயின் எழுத்து இருந்தது.
ஷம்ஸா அறிக்கையில் 'கலப்பு' என்று எழுதி,
அடித்து,
'எட்டில் ஒரு பங்கு நாய்' என்று திருத்தினாள்.
எட்டில் ஏழு பங்கு ஓநாய் என்றும் எழுதலாமே என்றேன்.
சிரித்தாள்.
அப்படி எழுத அறிக்கையில் கட்டம் இல்லை.

ஏழாம் எண் ஒரு பெண்.
பத்தொன்பது குப்பிகள் அவளுடையவை.
மற்ற எட்டில் நான்கு அவள் பெற்றவை.
அவள் தின்றது எனக்குத் தெரியும்:
முயல், முள்ளம்பன்றி, ஒருமுறை ஆடு,
ஒருமுறை ரொட்டி சுற்றிவந்த பிளாஸ்டிக் பை.
குடலில் இருந்த புழுவின் பெயர் தெரியும்.
முகம் தெரியாது.

ஆகஸ்டில் பகீத் கூப்பிட்டார்.
"டாக்டர், வந்து உன் ஓநாயைப் பார்."
நான் டாக்டர் இல்லை என்று நாலு வருடமாகச் சொல்கிறேன்.

தவி அதைர் திருப்பத்தில்
எண்பது என்று எழுதிய வேகப் பலகையில்
பின்னங்கால்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.
இவ்வளவு சிறிய உடம்பு.
பனிமூட்டத்துக்குள் கார்கள் வேகம் குறைத்துப்
படமெடுத்துப் போயின.
பிக்கப்பின் அடியில் ஆடுகள் ஒண்டி நின்றன,
இடம் கிடைக்காதவை நனைந்தன.
தலைகீழாய்த் தொங்கியவளின் கண்ணோரத்தில்
தூறல் திரண்டு சொட்டியது.
எங்கள் பழமொழியை அவருக்குச் சொல்ல
என் அரபி போதவில்லை.
போதியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"நாற்பது நாள் கன்று" என்றார் பகீத்.
தார்ப்பாயை விலக்கி ஒட்டகக் கன்றின் கழுத்தைக் காட்டினார்.
"இதுதான் கடித்தது என்று உன் இயந்திரம் சொல்லுமா?"
சொல்லும் என்றேன்.
காதில் ஒரு நுனி வெட்டிக்கொண்டேன்.
கன்றின் காயத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தேன்.
தாய் ஒட்டகம் என் தோளை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

பதினோரு நாள்.
காது, ஏழாம் எண்.
காயத்து எச்சில், நாய்.
எட்டில் ஒரு பங்கு இல்லை, முழு நாய்.
மிர்பாத் சாலைக் குப்பைத் தொட்டிகளில்
பழுப்பாய், வெள்ளையாய், கூட்டமாய்த் திரிபவற்றில் ஏதோ ஒன்று.
அவற்றை யாரும் எண்ணுவதில்லை.

ஷம்ஸா பேசுவதாகச் சொன்னாள். அவளுக்கு அவர் மாமன் முறை.
கேட்டவர் என்னவோ என்னைத்தான், நானே பேசினேன்.

பகீத் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
ஆடுகளின் சத்தம் கேட்டது.
வண்டிக் கதவு ஒன்று சாத்தியது.
பிறகு கேட்டார்:
"மீதி எத்தனை?"

எட்டு என்றேன்.
காதில் விழுந்ததா தெரியவில்லை.
கரீஃபில் அந்த மலையில்
சிக்னல் வரும், போகும்.