உலைமூடி

கையெழுத்துக் கேட்ட இடத்தில்
அவர் ஒரு படகுக்குறி வரைந்தார்:
குறுக்கே ஒரு கோடு, மேலே ஒரு கூம்பு,
ஓரத்தில் இரண்டு கீறல்.

"இரண்டாவது மகன். அதனால் இரண்டு.
கடைசிப் பிள்ளைக்குத்தான் கீறலில்லாத குறி.
போவுவா மீனவருக்கு
வலையிலும் துடுப்பிலும் இதுதான் பெயர்"
என்றார் அடெலினோ க்ராவெய்ரோ, நாற்பத்தாறு வயது.
எட்டு மாதமாக மரத்துப்போன தன் பாதங்களை
யாரோ கழற்றிப் போட்ட செருப்பைப்போலப் பார்த்தார்.

போர்ட்டோவில் அன்று விடாத மழை.
அவர் ரத்தத்திலிருந்து எடுத்த துளியளவை
இயந்திரத்தில் வைத்து மூடினேன்.
தொண்ணூற்றைந்து பாகையில் ஏணி நெடுக்காகப் பிளக்கும்.
அறுபதில் தொடக்க இழை
தன் இடம் தேடிப் போய் ஒட்டும்.
எழுபத்திரண்டில் நொதி நகலெடுக்கும்.
ஒன்று இரண்டு, இரண்டு நான்கு,
முப்பதாவது சுற்றில் நூறு கோடிக்கு மேல்.
முணுமுணுப்பை
ஊர்கூடிக் கத்த வைப்பதுதான்
என் பிழைப்பு.

மதியம் படித்தேன்.
ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ.
ஒரே எழுத்து.
கீறல் எண்ணிக்கொண்டு வரவில்லை அது.
கீறலே இல்லாத கடைசித் தம்பிக்கு இருந்தது;
மூத்தவர் ஜெர்வாசியோவுக்கு இல்லை.

"அந்த எழுத்தை அழித்துவிட முடியாதா?"

டாக்டர் இதாலினா தலையசைத்தார்.
எழுத்து அங்கேயே இருக்கும்.
ஈரல் அதை உரக்கப் படிக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.
மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி,
அதில் குட்டிக் குட்டியாய் ஆர்.என்.ஏ.
உட்கருவிலிருந்து புறப்படும் கடிதம்
போய்ச் சேருமுன் வழியிலேயே கிழிந்துவிடும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.
ஈரலின் வாய்க்கு
எப்படியோ ஒன்று கண்டுபிடித்துவிட்டார்கள்.
அதையும் மூன்று மாதத்துக்கொரு முறை
மறுபடி மூட வேண்டும்.

பதினான்கு மாதம் கழித்து
ஆய்வகத் தொலைபேசியில் காற்றின் இரைச்சல்,
கடற்காகங்கள், பிறகு அவர்.
"உங்கள் மருந்தைப் பற்றி ஒரு புகார்.
கரையில் சிப்பி குத்திவிட்டது. இடது கால்.
நன்றாக வலிக்கிறது."

எனக்குப் பேச்சு வரவில்லை.
"வலது?" என்றேன் கடைசியில்.

"அவன் இன்னும் வாய் திறக்கவில்லை."
வைத்துவிட்டார்.

தட்டில் அடுத்த குழாய்.
படிவத்தில் முழுப் பெயர், அழகான கையெழுத்து:
லியோகாடியா க்ராவெய்ரோ, பத்தொன்பது.
அதன் கீழே, இடம் கேட்காத இடத்தில்,
சின்னதாய் அதே குறி.
கீறல் எதுவும் இல்லை.

மூடியை அழுத்தினேன்.
சூடேறத் தொடங்கியது.